எல்லையில் துணி காயப்போட்டவர்கள்

1985-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, விடிந்து சற்று நேரத்தில், மிக்கேலேந்தல் கிராமத்தின் நூற்றுப் பன்னிரண்டு தலைக்கட்டுகளில் முதல் ஆளாக மதலைமுத்துவின் மனைவி சவரியாயி எல்லையில் கால் தடுக்கி விழுந்தாள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், நாலு விரல் அகலத்தில், செங்கல் நிறத்தில், நெருக்கமாக நெய்த பட்டை ஒன்று தெற்கே கண்ணுக்கெட்டிய தூரத்திலிருந்து வந்து வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை போய்க்கொண்டிருந்தது. அது எந்தக் கம்பத்திலும் கட்டப்பட்டிருக்கவில்லை. வழியிலிருந்த வேலிக்கருவை மரங்களை அது சுற்றிக்கொண்டு போகவில்லை. மரங்கள்தான் சற்று விலகி நின்றுகொண்டிருந்தன. தொட்டுப் பார்த்தாள். கஞ்சி போட்ட புதுச்சேலையின் விறைப்பு இருந்தது. ஓர் அளவுக்கல்லின் தலைக்கு மேலாக ஓடி அடுத்த அளவுக்கல்லின் தலைக்கு மேலாகப் போனதால், அது என்ன என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கணவனிடம், "எல்லை வெளிய வந்து நிக்கிது" என்றாள்.

"எந்த எல்லை?"

"மாவட்ட எல்லைதான்."

"வரட்டும். அதுவும் எத்தன நாளைக்குத்தான் படத்துலயே படுத்துக் கெடக்கும்?" என்று சொல்லிவிட்டு மதலைமுத்து பல் விளக்கப் போனான்.

விடிகாலையில் அவள் எல்லையோரப் பொட்டலுக்கு ஏன் போனாள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த வருஷத் தொடக்கத்தில் அரசாங்கம் மாவட்டத்தைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வெட்டியபோது, நூறு வருஷமாகத் தாலுகா எல்லையாகவே காலம் தள்ளிய கோடு ஒன்று, கூடுதலாக ஒரு வேலையும் செய்யாமல் மாவட்ட எல்லையாகப் பதவி உயர்வு பெற்றது. அந்தக் கோட்டுக்கு மேற்கே வறட்சி என்றும் கிழக்கே வறட்சி இல்லை என்றும் அறிவிப்பு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் வானம் ஒன்றுதான், வெடித்த கண்மாயும் ஒன்றுதான். ஆனாலும் மேற்குக்கு மட்டும், மேற்கு மாவட்டத்து அட்டை உள்ளவர்களுக்கு, தண்ணீர் லாரி வந்தது. மிக்கேலேந்தல் கோட்டுக்குக் கிழக்கே இருந்தது. மார்ச் மாதம் ஒரு மத்தியானம் சவரியாயிக்குக் குறை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அது பிழைக்காது என்று கண்ட மருத்துவச்சி, ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒரு கை நல்ல தண்ணீர் இருந்தால் போதும் என்றாள். வீட்டில் இருந்த தண்ணீரெல்லாம் பிரசவத்துக்குச் செலவாகியிருந்தது. மதலைமுத்து செம்பை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற லாரிக்கு ஓடினான்.

"அட்டை இருக்கா?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு கைத் தண்ணி போதும்ணே. புள்ள போகப் போகுது."

"ஒரு கைக்கும் அட்டை வேணும்ப்பா. கெழக்க ஊத்துனேன்னு தெரிஞ்சா என் வேல போயிரும்."

வரிசையில் நின்ற மேற்குக்காரக் கிழவி ஒருத்தி தன் குடத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். அவன் செம்போடு திரும்பி வந்தபோது மருத்துவச்சி குழந்தையின் முகத்தை மூடியிருந்தாள்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. முன்பு அந்தத் தோட்டத்தை மந்திரித்த வெள்ளைக்காரச் சாமியார், தீர்த்தச் செம்போடு எல்லைக்கல்வரை நடந்து வந்து, அங்கே நின்று, திரும்பிவிட்டார். மற்ற மூன்று பக்கமும் சுவர் எழுப்பியவர்கள் மேற்கே மட்டும் எழுப்பவில்லை. அங்கேதான் எல்லை இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கல்லுக்கு அப்பால், பொட்டலில், இருபத்தேழு சின்ன மேடுகள் இருந்தன. கடைசியாக எழுந்த மேடு சவரியாயியின் பிள்ளையுடையது. எல்லையிலிருந்து பதினோரு அடி. இந்த விஷயத்தில் ரோமாபுரி சில தளர்வுகள் செய்திருந்தது உண்மை. அவை மறைமாவட்டத் தலைநகர்வரை வந்து சேர்ந்தும் இருந்தன. ஆனால் அங்கிருந்து மிக்கேலேந்தலுக்கு ஒரே ஒரு பேருந்துதான் ஓடியது.

அந்தப் பொட்டலைப் பஞ்சாயத்துத் தலைவர் செபஸ்தியான் காளவாசலுக்காகக் குத்தகை பிடித்திருந்தார். செங்கல்லுக்கு மண் எடுக்கும் குழி மாதத்துக்கு மாதம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கல்லறைத் திருநாள் கழிந்ததும் மேட்டு மண்ணை எடுக்கப் போவதாக அவர் சொல்லியிருந்தார். மந்திரித்த மண்ணில் கடப்பாரை பட்டால் வம்சம் விளங்காது என்ற பயம் அவருக்கு நிறையவே உண்டு. மந்திரிக்காத மண்ணைப் பொறுத்தவரை அவர் தைரியசாலி.

எல்லை புதன்கிழமை இடுப்பளவு வந்தது. வியாழன் நெஞ்சளவு வந்தது. வெள்ளி, சனியில் அதற்கு மேல் வளரவில்லை. துணி காயப்போட அதுதான் வசதியான உயரம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஆடுகள் முதல் நாள் முட்டிப் பார்த்தன, இரண்டாம் நாள் முதுகைச் சொறிந்துகொண்டன, மூன்றாம் நாளிலிருந்து அதன் நிழலில் வரிசையாகப் படுத்தன. பேருந்து அதன் முன்னால் வந்து நின்றதும் நடத்துநர் இறங்கி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார், வண்டி நுழைந்ததும் விடுவார், அப்புறம் ஓடிப்போய் ஏறிக்கொள்வார். ஒரு நாளிதழின் கிழக்குப் பதிப்பு அதைத் துணி என்றும் மேற்குப் பதிப்பு கயிறு என்றும் எழுதியது. இரண்டுமே நம்பத் தகுந்த வட்டாரங்களிலிருந்து கிடைத்த செய்திகள்தான்.

ஊரில் எல்லையைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தவர் பங்குச் சாமியார் பங்கிராஸ் ஒருவர்தான். குருமடத்தில் எட்டு வருஷம் லத்தீன் படித்தவர். பூசையைத் தமிழில் வைக்கச் சொல்லி உத்தரவு வந்த நாளிலிருந்து அந்த மொழியைப் பேச அவருக்கு ஆள் இல்லாமல் போயிற்று. இரண்டு விரலால் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, சுற்றி நின்றவர்களிடம், "லிம்புஸ்" என்றார்.

"அப்படின்னா என்னா சாமி?" என்றார் டீக்கடை தொம்மை.

"ஓரம். துணியோட கரை. அது முதல் அர்த்தம். தலையில கட்டுற பட்டைக்கும் அதே சொல்தான். இடுப்புல கட்டுற கச்சைக்கும் அதேதான். வானத்துல பன்னிரண்டு ராசியும் நடந்து போற பாதைக்கும் பெரியவங்க அதையே சொல்லியிருக்காங்க."

"ஒரே சொல்லுக்கு இத்தன அர்த்தமா? அப்ப அந்த ஊருல கோர்ட்டு கேசு நெறைய நடந்திருக்கணுமே" என்றார் தொம்மை.

சாமியார் சிரிக்கவில்லை. "நரகத்துக்கு ஓரத்துல, நெருப்புப் படாத இடம் ஒண்ணு. மோட்சமும் கெடையாது, வேதனையும் கெடையாது. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைங்க அங்கதான்னு பழைய சாஸ்திரிங்க சொன்னாங்க. அதுக்கும் இதே பேரைத்தான் வச்சாங்க" என்று சொல்லிக்கொண்டே போனவர், கூட்டத்தில் சவரியாயி நிற்பதைக் கண்டதும் நிறுத்தினார்.

"சாமி, அப்ப எம்புள்ள கரையில கெடக்காளா, கச்சையில கெடக்காளா?" என்றாள் அவள்.

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"சரி, கேக்கல. இந்தப் பட்டை பதினோரு அடி மேற்க நகந்துச்சுன்னா, அவ உள்ளயா வெளியயா? அத மட்டும் சொல்லுங்க."

பங்கிராஸ் சாமியார் பட்டையின் ஓரத்தை இன்னொரு தடவை தடவினார். "எல்லை நகருமான்னு புத்தகத்துல இல்லையே மகளே" என்றார்.

அடுத்த வாரம் இரண்டு மாவட்டத் தாசில்தார்களும் வந்தார்கள். கிழக்குத் தாசில்தார் கோமதிநாயகத்துக்குக் கிழக்கே நாற்காலி போடப்பட்டது, மேற்குத் தாசில்தார் ஷேக் தாவூதுக்கு மேற்கே. உட்கார்ந்தவர் முகத்துக்கு நேராக எல்லை ஓடியதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் குனிய வேண்டியிருந்தது.

"இது உங்க எல்லைதானே சார்? எடுத்துட்டுப் போயிருங்களேன்" என்றார் கோமதிநாயகம்.

"எங்க பக்கத்துக்குத்தான் நான் பொறுப்பு. அந்தப் பக்கம் உங்களோடது. வேணும்னா ஆளுக்குப் பாதி சுருட்டுவோம்."

"சுருட்டணும்னா மேலருந்து உத்தரவு வரணும்."

"அய்யா, உத்தரவு வர்ற வரைக்கும் துணி காயப்போட்டுக்கலாமா?" என்று தொம்மை கேட்டார்.

"கூடாது" என்று இரண்டு அதிகாரிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். எல்லையில் துணி உலர்த்துவது தண்டனைக்குரிய குற்றம் என்று இரண்டு பக்கமும் பலகை நடப்பட்டது. காவலுக்கு ஒரு தலையாரி நியமிக்கப்பட்டார். மூன்றாம் நாள் அவருடைய காக்கிச் சட்டை எல்லையில் காய்ந்துகொண்டிருந்தது.

எல்லையைச் சட்டமாக்கியவர் செபஸ்தியான். ஜூலை மாதம், எல்லைக்கு மேற்கே இருந்த ஓடைக்குடியில் கிறிஸ்தவக் கிழவர் ஒருவர் இறந்தார். அவரை மிக்கேலேந்தல் கல்லறையில் அடக்கம் செய்ய அனுமதி கேட்டு மகன்கள் வந்தார்கள். "இன்னைக்கு ஒருத்தர உள்ள விட்டா நாளைக்கு ஊரே வந்து படுத்துக்கிரும். அப்புறம் நம்ம சனம் எங்க போறது?" என்று தலைவர் சாமியாரை நெருக்கினார். கோயில் கூரைக்கு ஓடு வாங்கிக் கொடுத்தவர் அவர் என்பதாலும், லத்தீன் சொல்லை மறுபடி உச்சரிக்க ஒரு வாய்ப்பு என்பதாலும், ஞாயிறு பிரசங்கத்தில் பங்கிராஸ் சாமியார் தீர்ப்புச் சொன்னார். "கரை எதுவரையோ சேலை அதுவரை. எல்லை எங்கே நிற்கிறதோ அதுவரை மந்திரித்த மண். அதற்கு அப்பால் வெறும் மண்; அங்கே இருந்தவருக்கு இங்கே இடமில்லை." செபஸ்தியான் அதைக் கறுப்புப் பெயிண்டில் கோயில் சுவரில் எழுதவைத்தார். ஓடைக்குடிக்காரர்கள் தங்கள் அப்பனைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அன்று கோயிலில் இருந்த அத்தனை பேரும் இது ஓடைக்குடிக்காரர்களுக்குச் சொன்னது என்று கேட்டுக்கொண்டிருக்க, பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் சவரியாயி மட்டும் அதைத் தனக்குச் சொன்னதாகக் கேட்டாள்.

மறுநாளே அவள் சோதித்துப் பார்த்தாள். மேலே தூக்கினால் வந்த எல்லை, கையால் பக்கவாட்டில் தள்ளினால் அசையவில்லை. கம்பால் நெம்பினால் கம்பு முறிந்தது. அலுத்துப்போய், கையிலிருந்த ஈரச்சேலையை அதன் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஆடிக்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. சேலை பாய்மரம்போல் உப்பியது. சாயங்காலம் அவள் எழுந்தபோது எல்லை ஒரு முழம் நகர்ந்திருந்தது, கிழக்கே. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவது. அது போகும் பக்கம்தானே எல்லையும் போகும்? சேலையை உருவினாள். போன எல்லை திரும்பி வரவில்லை. பதினோரு அடி பன்னிரண்டரை ஆகிவிட்டது. அவள் இதைக் கணவனிடம் மட்டும் சொன்னாள். மதலைமுத்து டீக்கடையில் மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு மிக்கேலேந்தலில் அழுக்குத்துணி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. எல்லை கிழக்கே வந்தால் ஊர் மேற்கில் சேரும், ஊர் மேற்கில் சேர்ந்தால் லாரி உள்ளே வரும் என்று கணக்குப் போட்டு, வேட்டி, சேலை, போர்வை, சாக்கு, கல்யாண ஜமுக்காளம், பள்ளிக்கூடத்துத் தேசியக்கொடி, செத்துப்போன மாமனாரின் கோட்டு என்று ஊரிலிருந்த துணியெல்லாம், துவைக்கத் தண்ணீர் கிடைத்தவை துவைத்தும் கிடைக்காதவை துவைக்காமலும் எல்லையில் ஏறின. காற்று அடித்தது, துணிகள் உப்பின, எல்லை ஒவ்வொரு வீடாகத் தாண்டி வந்தது. தாண்டிய வீட்டுக்காரர்கள் மேற்கு மாவட்டத்து அட்டை வாங்கக் கூப்பிடுதூரத்தில் நின்ற தலையாரியிடம் ஓடினார்கள். தொம்மையின் டீக்கடையில் எல்லை இரண்டு நாள் தங்கியது. அந்த இரண்டு நாளும் அடுப்பு கிழக்கிலும் பாய்லர் மேற்கிலும் இருந்தன. அது வரும் மெதுவான நடையைப் பொறுக்க முடியாமல் செபஸ்தியான் தன் டிராக்டரைக் கட்டி இழுத்துப் பார்த்தார். டிராக்டர்தான் பின்னால் வந்தது. துணிக்குத்தான் அது கட்டுப்படும் என்று தெரிந்ததும் தன் வீட்டு ஜன்னல் திரைகளைக் கழற்றி அனுப்பினார். ஆடி முடியும்போது ஊர் முழுவதும் மேற்கில் இருந்தது.

சவரியாயி தன் துணிகளை முள்செடிகளின் மேல் உலர்த்தினாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "என்ன மதினி, ஊரே போடுது, நீ மட்டும் போடல?"

"எம்புள்ள தூரமாப் போறாளே."

"தண்ணி வருதுல்ல மதினி."

தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த ஊரில் எவருக்கு உரிமை இருந்தாலும் தனக்கு இல்லை என்று சவரியாயி நினைத்தாள். லாரி வந்தபோது குடத்தோடு வரிசையில் நின்றாள். தண்ணீர் குடத்தில் விழும் சத்தத்தைக் கேட்டு அழுதுவிட்டு, குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லை ஒரே பட்டை என்பதால் ஊரில் இழுத்த இழுப்பில் வடக்கே கல்லறைத் தோட்டத்தையும் தாண்டிக் கிழக்கே போய்விட்டது. பொட்டலுக்கும் எல்லைக்கும் நடுவே இப்போது முழுத் தோட்டமும் கிடந்தது. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் அதை வேறு யாரும் கவனிக்கவில்லை.

புரட்டாசி மாதம் மறு ஆய்வு நடந்தது. வறட்சிப் பட்டியலிலிருந்து மேற்கு மாவட்டம் நீக்கப்பட்டது. கிழக்கு மாவட்டம் சேர்க்கப்பட்டது. லாரி இப்போது கிழக்கேயிருந்து வந்து, புது எல்லைக்கு முன்னால், சட்டப்படி சரியான இடத்தில் நின்று, திரும்பிப் போனது. ஓட்டுநர் மாறியிருந்தார், கேள்வி மாறவில்லை.

அந்தச் சோகத்தில் ஊர் இருந்தபோதுதான், கல்லறைத் திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில், கோயில்பிள்ளை தீர்த்தச் செம்பைத் துலக்கிக்கொண்டே, "சாமி, இந்த வருஷம் மந்திரிக்க நம்மகிட்ட மண்ணே இல்லையே" என்றார். சுவரில் எழுதியபடி பார்த்தால் அத்தனை கல்லறையும் எல்லைக்கு வெளியே கிடந்தது. அதில் ஒன்று செபஸ்தியானின் தகப்பனாருடைய சலவைக்கல் கல்லறை. மேலே சிறகு விரித்த இரண்டு சம்மனசுகள் வைத்தது.

தலைவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாமியார் அறைக்குள் வந்தார். "சாமி, எங்கப்பா மந்திரிச்ச மண்ணுலதான செத்து அடங்குனாரு? எல்லை போனா மந்திரிப்பும் கூடவே போயிருமா?"

"சுவத்துல அப்படித்தான் எழுதியிருக்கு தலைவரே."

"அத மாத்தி எழுதிருவோம்."

"மாத்துனா ஓடைக்குடிக்காரங்க அவங்க அப்பாவைத் தோண்டி எடுத்துட்டு வருவாங்க. வந்தா விட்ருவீங்களா?"

செபஸ்தியான் அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார். "காத்து எப்ப திரும்பும்?" என்று கேட்டார்.

ஐப்பசியில் திரும்பியது. மழைக்கு முந்திய கீழ்க்காற்று, கடலைத் தொட்டு வருவது. இந்தத் தடவை எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று தாசில்தார்கள் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். எல்லை பழைய அளவுக்கல்லுக்கு வந்ததும் நிறுத்தப்பட வேண்டும். "ஒரு அங்குலம் தாண்டுனாலும் எங்க மாவட்டத்துல ஆக்கிரமிப்பு" என்றார் ஷேக் தாவூத். கல்லுக்குக் கல் ஆள் நிறுத்தி, எல்லை வந்து சேர்ந்த நொடியில் துணியை உருவிவிட வேண்டும் என்று செபஸ்தியான் ஏற்பாடு செய்தார். அளவுக்கல்லுக்கு அப்பால் அவர் காளவாசல் குழி மேற்குக் கோடி மேட்டுக்கு இருபதடி தள்ளி வாயைத் திறந்திருந்தது.

துவைக்கிற பொறுப்பு பெண்களுக்கு. கண்மாயில் தேங்கியிருந்த கொஞ்சத் தண்ணீரில் ஊரே துவைத்துக்கொண்டிருந்தபோது, சவரியாயி கல்லில் துணியை அடித்தபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "கல்லுல வந்து நின்னுருச்சுன்னா எம்புள்ளைய செங்கல்லா அறுத்துருவாக."

பெண்கள் இன்னும் ஓங்கித் துவைத்தார்கள்.

"ஒம்புள்ள ஒருத்திதானா அங்க கெடக்கா?" என்றாள் கடைசியில் ஒருத்தி. "எனக்கு ஒண்ணு. ரெட்டையில ஒண்ணு."

"எங்க சின்னாத்தாளுக்கு ரெண்டு" என்றாள் இன்னொருத்தி.

அப்போது, இதுவரை வாயே திறக்காத செசிலியாள், தலைவர் செபஸ்தியானின் மனைவி, நனைந்த கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தலைச்சன். வடக்கால இருந்து மூணாவது" என்றாள். பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். "அவருக்கு ஞாபகமே இருக்காது. அன்னைக்கு அவரு சந்தைக்குப் போயிருந்தாரு."

"ஆம்பளைக கல்லுகிட்ட நின்னு உருவிருவாகளே அத்தாச்சி?" என்றாள் சவரியாயி.

"எத உருவுவாக?" என்றாள் செசிலியாள். "வேட்டிய உருவுவாக. சேலைய உருவுவாக. கொடியில கெடக்குற பாவாடையத் தொட இந்த ஊருல எவனுக்குத் துணிச்சல் இருக்கு, சொல்லு பாப்போம்."

இருக்கவில்லைதான். மிக்கேலேந்தலில் மழை கொட்டினாலும் மாடு மென்றாலும், கொடியில் காயும் உள்பாவாடையை ஆண்பிள்ளை எடுப்பதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் ஆலங்கட்டி மழையில் மனைவியின் பாவாடையை அவசரத்துக்கு எடுத்து உள்ளே போட்ட ஒருவனுக்கு அதுவே பட்டப்பெயராகி, இன்றைக்கும் அவன் பேரப்பிள்ளைகள் வரை பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரில்தான் கூப்பிடப்பட்டார்கள்.

மறுநாள் காலையில் காற்று ஏறியது. எல்லை ஊருக்குக் கிழக்கேயிருந்து மேற்கே கிளம்பியது; எந்தெந்த வீட்டை எந்த வரிசையில் தாண்டி வந்ததோ அதற்கு நேர் தலைகீழ் வரிசையில் தாண்டிப் போனது. ஊர் கிழக்கு மாவட்டத்தில் சேர்ந்துகொண்டேயிருந்தது. தெற்கே வயல்காட்டுப் பக்கம் அது கல்லுக்கு வந்ததும் ஆண்கள் வேட்டிகளையும் போர்வைகளையும் மளமளவென்று உருவினார்கள். அங்கே நின்றது. டீக்கடைக்கு நேரே உருவினார்கள். அங்கேயும் நின்றது. வடக்கே, கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில், செபஸ்தியான் தானே நின்றார். இரண்டு நாற்காலிகளில் தாசில்தார்கள். தோட்டத்தைக் கடந்து எல்லை அவர்களை நோக்கி வந்தது, அதன் நீளத்துக்கும் பாவாடைகள், சிவப்பு, பச்சை, ஊதா, வெளுத்தது, ஒட்டுப்போட்டது, நாடா தொங்கியது, ஒவ்வொன்றும் வயிறு நிறையக் காற்றைக் குடித்து உப்பி, மேற்கே பார்த்து, ஒன்றன் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு வந்தன.

கோமதிநாயகம் வானத்தைப் பார்த்தார். ஷேக் தாவூத் தன் கோப்பில் ஏதோ தேட ஆரம்பித்தார். தலையாரி திரும்பி நின்றுகொண்டார்.

"எடுங்கடா" என்றார் செபஸ்தியான்.

"நீங்க எடுங்க தலைவரே" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"டேய், கல்லத் தாண்டுதுடா!"

"தாண்டட்டும் தலைவரே. எனக்குப் பேரப்புள்ளைக இருக்குதுக."

செபஸ்தியான் கையை நீட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் போனார். கைக்கு எட்டிய தூரத்தில் ஓர் ஊதாப் பாவாடை படபடத்தது. "இது யாரோடது?" என்று அதட்டினார்.

"நம்ம வீட்டுதுதான். அதுகூடத் தெரியலையா?" என்றாள் பின்னாலிருந்து செசிலியாள். "எடுங்க. எல்லாரும் பாக்கட்டும். வடக்கால மூணாவது மேடு யாருன்னும் எல்லாருக்கும் சொல்லுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் மேடுகளை எண்ணுவதை ஊர் பார்த்தது, மூன்றில் நிறுத்தினார். எல்லை அவர் நெஞ்சில் வந்து முட்டியது. அவர் குனிந்து வழிவிட்டார். பாவாடைகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டு போயின.

சவரியாயி எல்லையோடு கூடவே நடந்தாள். அது முதல் மேட்டைத் தாண்டியது. இரட்டையில் ஒன்றைத் தாண்டியது. பதினோராவது அடியில் அவள் பிள்ளையின் மேட்டைத் தாண்டியது. ஆனாலும் அவள் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கவில்லை, கடைசியில் தனியாகக் கிடந்த பெயர் தெரியாத ஒரு மேடும் உள்ளே வரும்வரை காத்திருந்தாள். பிறகு, "போதும்டி" என்றாள். பெண்கள் போய் அவரவர் பாவாடையை எடுத்து, உதறி, மடித்து, இடுக்கிக்கொண்டு சமையலுக்குப் போனார்கள். எல்லை காளவாசல் குழிக்குச் சற்று முன்னால் நின்றது.

நவம்பர் இரண்டாம் தேதி பங்கிராஸ் சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தார். சலவைக்கல் கல்லறைக்குத் தெளித்தார், மண் கல்லறைகளுக்குத் தெளித்தார், பழைய அளவுக்கல் வந்ததும் பழக்கத்தில் நின்றார். ஊர் அவரைப் பார்த்தது. அவர் எல்லையைப் பார்த்தார். அது அப்பால் நின்றது. "கரை எதுவரையோ" என்று தொம்மை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். சாமியார் கல்லைத் தாண்டினார். சவரியாயி மேட்டுக்குப் பக்கத்தில் நின்று, அவர் தெளித்த தண்ணீர் மண்ணில் இறங்குவதைக் கவனமாகப் பார்த்தாள். ஒரு கைத் தண்ணீரைவிட அதிகமாகவே இருந்தது.

செபஸ்தியான் காளவாசலை வேறு இடத்துக்கு மாற்றினார். ஓடைக்குடிக்காரர்கள் தங்கள் அப்பனுக்காக ஈரத்துணி மூட்டையோடு வந்து சேர்ந்தபோது காற்று நின்றுவிட்டிருந்தது. கார்த்திகையில் எல்லை இடுப்பளவுக்கு இறங்கியது, மார்கழியில் முழங்காலுக்கு, அப்புறம் ஒரு நாள் ஆடுகள் நிழலைத் தேடி அலைந்தன. அடுத்த வருஷம் கூட்டு நில அளவை நடந்தது. இரு மாவட்டங்களின் எல்லை நேர்கோடாக வந்து, மிக்கேலேந்தல் கல்லறைத் தோட்டத்தருகே மட்டும் மேற்கே பிதுங்கி, பிறகு பழைய கோட்டுக்குத் திரும்புவதைக் கண்ட அளவர்கள், இது முந்தைய அளவையின் பிழை என்று எழுதி, இரண்டு தாசில்தார்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

2007-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ரோமாபுரியில், இறையியல் வல்லுநர் குழு ஒன்று, ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள் மோட்சம் சேர்வார்கள் என்று நம்புவதற்கு இடமுண்டு என அறிக்கை வெளியிட்டது.